ஓட்டுக்கூரை வேலை: ஏணியா, சாரமா?

ஐப்பசி மழைக்கு முன்னால் கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரை வேலை தொடங்கிவிடும். ஏறுவதற்கு இரண்டு வழி.

நாலைந்து ஓடு மாற்ற ஏணி போதும். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணிக்காலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தலைப்பகுதி கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நிற்கட்டும், அதைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். முற்றத்து ஈர மண்ணில் ஏணிக்கால் புதையும். அடியில் பலகை போடுங்கள்.

கைமரம் (கூரையைத் தாங்கும் சரிவு மரம்), ரீப்பர் (அதன் குறுக்கே ஓடு உட்காரும் சட்டம்) மாற்றுவது என்றால் உள்ளே சாரம்தான் கட்டச் சொல்வேன். வாடகை, கட்டுகூலி, ஒரு நாள் கூடுதல், எல்லாம் உண்மைதான். ஆனால் ஏணியில் ஒரு கை பிடிமானத்துக்கே போய்விடும். சாரத்துப் பலகையில் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அதைவிட முக்கியம் கரையான். அரித்த கைமரம் பார்வைக்கு முழுசாக இருக்கும், திருப்புளியால் குத்தினால் மாவாக உதிரும். அதை நம்பிக் கூரைமேல் கால் வைப்பவர் ஓட்டோடு உள்ளே விழுவார். சாரத்தில் நின்றால் கீழிருந்தே ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துவிடலாம்.

எப்படி ஏறினாலும் ஓட்டை நேராக மிதிக்காதீர்கள். நல்ல கைமரங்களின் குறுக்கே பலகை போட்டு நடங்கள். தூறல் விழுந்தால் பாசி பிடித்த ஓடு வழுக்கும். சரி, அன்றைக்கு இறங்கிவிடுங்கள்.