புது டயர் என்று நம்பி 86,000 ரூபாய் போச்சு: டிப்பர், லாரி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நாளைக்குத் தள்ளினால் பாதி விட்டுப்போகும்.

நேற்றுச் சாயங்காலம் க. பரமத்தி கிரஷரில் ஜல்லி ஏற்றிக்கொண்டு கரூருக்கு வந்துகொண்டிருந்தேன். பின்னால் படார் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இடப்பக்க வெளி டயரின் சோல் (ரோட்டில் படும் மேல் ரப்பர்) முழுசாக உரிந்து ரோட்டில் கிடக்கிறது. அதில் ஒரு துண்டு மட்கார்டைக் கிழித்திருந்தது. எனக்குப் பின்னால் ஒரு பைக்கில் புருஷன், பொண்டாட்டி, மடியில் கைக்குழந்தை. அவர்கள் மேல் படவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் குழந்தைதான் கண்ணுக்குள் நின்றது.

அந்த டயர் போட்டு 19 நாள்தான் ஆகிறது.

என்னிடம் இருப்பது ஒரே வண்டி. 2019 மாடல் ஆறு சக்கர டிப்பர், நானே ஓட்டுகிறேன். பின் டயர் நாலும் மொட்டையாகிவிட்டன, இரண்டு டிஸ்க்கில் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) போல்ட் ஓட்டையும் தேய்ந்திருந்தது. போனில் விளம்பரம் பார்த்து ஹைவே ஓரத்தில் உள்ள ஒரு டயர் கடைக்குப் போனேன். கூரை வரைக்கும் டயர் அடுக்கிய பெரிய கடை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைக்காரர் கேட்டார்: "நீங்களே ஓட்டறீங்களாங்ணா? அப்ப உங்களுக்கு மட்டமானதக் குடுத்தா எனக்குத்தான் பாவம்." அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். 10.00R20 டயரை உருட்டிக்கொண்டு வந்து, "ரப்பர் முடிகூட உதிரல பாருங்க, கம்பெனி ஸ்டாக்" என்று தடவிக் காட்டினார். பழைய டயரில் புது சோலை அச்சில் வைத்து வேக வைத்தாலும், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய ரப்பர் முடி வரும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

டயர் ஒன்று 18,500, நாலுக்கு 74,000. டிஸ்க் இரண்டு 12,000. மொத்தம் 86,000. ஐம்பதாயிரத்தைப் போனில் அனுப்பினேன், மீதி 36,000 என் மனைவி எடுத்த சீட்டுப் பணம், ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும்ங்ணா, எஸ்டிமேட் போதும், வாரண்டிக்கு நான் இருக்கேன்ல" என்றார். 2025 செப்டம்பரில்தான் டயருக்கு வரி 28லிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தப் பதினெட்டையும் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன், தப்பு என்னுடையது. டயர் மாட்டும்போது என்னை வெளியே நிற்கவே விடவில்லை. "வெயில்ல எதுக்குங்ணா, உள்ள உக்காருங்க." நானும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று பஞ்சர் கடையில் நாலையும் கழற்றினோம். கடைத் தம்பி பார்த்த உடனே, "எல்லாம் ரீசோலுங்ணா" என்றார். அதாவது பழைய டயரில் புது சோல் ஒட்டியது. தேதி போட்ட பக்கம் இரண்டு டயருக்கும் நடுச்சந்துக்குள் போகும்படி மாட்டியிருக்கிறார்கள், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. மூன்று டயரில் நம்பரைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். தேய்க்க மறந்த ஒன்றில் 3517. அதாவது 2017ஆம் வருஷம் 35வது வாரம் தயாரானது! டிஸ்க் ஒன்றில் விரிசலை வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியில் அது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ரீசோல் டயரை நான் குறை சொல்லவில்லை. நாமக்கல்லில் போட்ட ரீசோலை வருஷக்கணக்கில் பின்னால் ஓட்டியிருக்கிறேன், நன்றாகவே ஓடியது. ரீசோல் என்று சொல்லி, ரீசோல் விலைக்குக் கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? புதுசு என்று சொல்லி 86,000 வாங்கியதுதான் வயிறு எரிகிறது.

உடனே டயர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க." எடை மேடைச் சீட்டை அனுப்பினேன்: 18,240 கிலோ, ஆர்.சி.யில் 18.5 டன். "அப்ப காத்து கம்மியா இருந்திருக்கும்." அப்புறம், "கம்பெனி ஆள் வந்து பாப்பாரு." எந்தக் கம்பெனி, எப்போது என்றால் பதில் இல்லை. இன்று காலை நேரில் போனேன். ஓனர் ஊரில் இல்லையாம். 19 நாள் முன்பு டீ வாங்கிக் கொடுத்த அதே பையன், "நீங்க எங்க வாங்குனீங்க சார்?" என்று கேட்கிறான். அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். மதியத்திலிருந்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். மாட்டும் முன் இரண்டு பக்கமும் நாலு இலக்கத் தேதியைத் தேடுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். பில்லில் டயர் நம்பர் ஏறணும். ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீடு டயரிலேயே இருக்கும், அதில் 146/143 மாதிரி இரண்டு எண் இருந்தால் இரட்டை டயருக்கு இரண்டாவதுதான் கணக்கு: 143 என்றால் 2,725 கிலோ. பின் ஆக்சிலுக்கு 11.5 டன் என்றால் ஒரு டயருக்கு 2,875 வருகிறது, 143 பத்தாது. வெல்டிங் வைத்த டிஸ்க்கைத் தொடவே தொடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லப்போகிறேன். பிழைப்புக்கு ஒற்றை வண்டி ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான். பில் இல்லை, எஸ்டிமேட் துண்டும் 50,000 அனுப்பிய ரசீதும்தான் கையில் இருக்கின்றன. வண்டி பஞ்சர் கடையில் ஜாக்கி மேல் நிற்கிறது, ஏழாம் தேதி டியூ. 86,000 ரூபாய்! சமீபத்தில் ஹைவே கடைகளில் டயர் போட்டவர்கள், இன்றைக்கே டார்ச் அடித்து அந்த நடுச்சந்தைப் பாருங்கள்.