பிளாட்பெட்டா, மூடிய டிரெய்லரா: கூடுதல் சென்ட்டுக்குப் பின்னால் உள்ள உழைப்பு

அமெரிக்காவில் நெடுந்தூர லாரி ஓட்டப் போகிறவர், எந்த டிரெய்லரை இழுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. சுவரும் கூரையும் உள்ள டிரை வேன், குளிரூட்டிய ரீஃபர், வெறும் தளம் மட்டுமே கொண்ட பிளாட்பெட் ஆகிய மூன்றில், பிளாட்பெட்டுக்கு மைலுக்குச் சில சென்ட் கூடுதலாகத் தருவது வழக்கம். அது எத்தனை மணி நேர உழைப்புக்கான தொகை என்று பார்க்காமல் முடிவெடுப்பது தவறு என்பதே என் கருத்து.

டிரை வேனில் ஃபோர்க்லிஃப்ட் சரக்கை ஏற்றுகிறது, கதவு மூடி முத்திரையிடப்படுகிறது. திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு முத்திரையிட்ட டிரெய்லராக இருந்தால், வழியில் சரக்கைச் சோதிக்கும் கடமையிலிருந்தும் கூட்டாட்சி விதி ஓட்டுநருக்கு விலக்கு அளிக்கிறது. பிளாட்பெட் ஓட்டுநரோ கிளம்பிய முதல் 50 மைலுக்குள் ஒருமுறையும், அதன்பின் 150 மைல் அல்லது 3 மணி நேரம் இவற்றில் எது முந்துகிறதோ அப்போதெல்லாமும் இறங்கிப் பார்த்து, தளர்ந்த கட்டுகளை இறுக்க வேண்டும்.

கட்டுவதற்கும் கணக்கு உண்டு. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது விதி. 45,000 பவுண்டு எடையும் 20 அடி நீளமும் உள்ள எஃகுத் தகடுகளுக்கு 22,500 பவுண்டு தாங்குதிறன் தேவை. தலா 6,600 பவுண்டு தாங்கும் சங்கிலிகளைத் தகடுகளின் மேலாகப் போட்டு இருபுறமும் மாட்டினால் நான்கு போதும். தலா 5,400 பவுண்டு தாங்கும் பட்டைகளானால் நான்கு போதாது, ஐந்து வேண்டும்.

இதைவிடக் கடினமானது தார்ப்பாய் போடுவது. மரப்பலகைச் சுமைக்கான தார்ப்பாய் ஒன்றின் எடையே நூறு பவுண்டை நெருங்கும். அதை உயரத்தில் ஏறி விரிக்கும்போது பலமான காற்று அடித்தால் தார்ப்பாயோடு ஆளும் கீழே போக நேரிடும். மழையிலும் பனியிலும் நனைந்த சுமையின் மேல் நடப்பவரின் முழங்காலையும் தோளையும் பற்றி வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் பேசாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ரீஃபரில் உடலுழைப்பு குறைவு, ஆனால் உணவுக் கிடங்கு வாசலில் நள்ளிரவுக் காத்திருப்பு உண்டு. பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரமே ஓட்டலாம் என்பதால், காத்திருக்கும் நேரமும் அந்த 14 மணியைக் கரைக்கிறது. பிளாட்பெட் சுமைகள் பெரும்பாலும் பகலிலேயே ஏறி இறங்குவது அதன் பெரிய அனுகூலம்.

இனி ஊதியம். கனரக லாரி ஓட்டுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023 மே மாத அரசுக் கணக்கின்படி 54,320 டாலர். அந்த எண் டிரெய்லர் வாரியாகப் பிரித்துச் சொல்வதில்லை. மாநிலங்களுக்கு இடையே ஓட்டுபவர்களுக்கு, 1938-ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தின் மிகைநேர ஊதியப் பிரிவு பொதுவாகப் பொருந்தாது. ஆகவே நாமே கணக்குப் போட வேண்டும். பிளாட்பெட்டுக்கு மைலுக்கு 8 சென்ட் கூடுதல் என்றும், கட்டுவது, மூடுவது, அவிழ்ப்பது எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் என்றும் வைத்துக்கொள்வோம். 1,200 மைல் ஓட்டத்தில் 96 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த உழைப்புக்கு மணிக்கு 32 டாலர் ஆகிறது. அதே வேலை 250 மைல் ஓட்டத்துக்கானால் கிடைப்பது 20 டாலர், அதாவது மணிக்கு 7 டாலருக்கும் குறைவு. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரைக்கூட அது எட்டவில்லை.

ஆகையால் வேலைக்குச் சேருமுன், சராசரி ஓட்டம் எத்தனை மைல், தார்ப்பாய்க்குத் தனித்தொகை உண்டா, கட்டுமான வேலை மந்தமாகும் குளிர்காலத்தில் எத்தனை சுமை கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட ஓட்டமும் தனித்தொகையும் உறுதியென்றால், உடல்வலு உள்ளவருக்குப் பிளாட்பெட்டையே பரிந்துரைப்பேன். குறுகிய ஓட்டங்களே கிடைக்கும், தார்ப்பாய்க்குத் தனியாக ஒன்றும் இல்லை என்றால், சென்ட் குறைந்தாலும் டிரை வேனே மேல்.