வஞ்சிரம் கேட்டால் வஞ்சி வந்தது: வெப்வியூவில் தமிழைக் காட்ட மூன்று வழிகள்

காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் என் மாமாவுக்கு ஒரு விலைப்பட்டியல் செயலி எழுதிக் கொடுத்தேன். ஏலம் முடிந்ததும் அத்தை விலைகளை உள்ளிடுவார். ராயபுரம், தண்டையார்பேட்டைக் கடைக்காரர்கள் கைபேசியில் பார்ப்பார்கள். பட்டியலைக் காட்டுவது ஆண்ட்ராய்டின் வெப்வியூ, அதாவது செயலிக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி. முதல் நாளே வவ்வாலும் சங்கராவும் காணாமல் போயின. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' முத்திரையும் வரிசை கட்டி நின்றன.

காரணம் தெரிந்ததுதான். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். பைட்டுக்கு ஓர் எழுத்து என்று மேற்கத்திய முறையில் வாசித்தால் ஒன்று மூன்றாகிறது. எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் முதல் பைட் ஒன்றே. அந்த 'ஏ' விடாமல் துரத்துவது அதனால்தான்.

முதலில் நான் பிடித்தது எண் குறியீட்டு வழி. சர்வரிலேயே எழுத்துகளை எண்ணாக மாற்றிவிடலாம்; 'க' என்பது &#2965; ஆகும். எல்லாம் வெறும் ஆஸ்கி, அதாவது சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும்தான், எங்கு போனாலும் உடையாது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது, மாமா டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் மாற்றுவானேன் என்று, மாற்றியதையே டேட்டாபேஸிலும் சேமிக்கும்படி செய்தேன்.

'வஞ்சிரம்' என்பதைப் புள்ளி, கொக்கி எல்லாம் பிரித்தால் 8 குறியீடு. ஒவ்வொன்றும் 7 எழுத்து நீளம் என்றால் மொத்தம் 56. பெயருக்கு நான் ஒதுக்கியிருந்தது 40. டேட்டாபேஸ் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டியது. ஐந்து குறியீடு முழுதாகத் தப்பியது; ஆறாவதான 'ர', &#2992; என்பதில் &#299 வரை மட்டும் மிஞ்சியது. வெப்வியூ அதையும் விடாமல் 299ஆம் எழுத்து என்று எடுத்துக்கொண்டு, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஐ'யைக் காட்டியது. வஞ்சி, பக்கத்தில் ஒரு கோடு. "சேரன் தலைநகரைக் கிலோ கணக்கில் விற்கிறாயா, மாப்பிள்ளை?" என்றார் மாமா.

இடத்தை 100 ஆக்கினேன். வெட்டு நின்றது, தொல்லை நிற்கவில்லை. தேடலில் 'வஞ்சிரம்' என்று தட்டினால் ஒன்றும் வராது, உள்ளே இருப்பது எண்கள்தானே. அகர வரிசையும் கைவிட்டது. அத்தை விலையைத் திருத்தித் திரும்பச் சேமித்தால் எண்ணாக மாற்றும் நிரல் மறுபடி ஓடி, ஏற்கெனவே இருந்த & குறியையும் மாற்றியது; திரையில் மீனுக்குப் பதில் எண்களே தெரிந்தன. எது ஒருமுறை மாறியது, எது இருமுறை என்று பிரித்துச் சரிசெய்ய ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. காசிமேட்டில் ஞாயிறு என்றால் என்ன கூட்டம் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வெப்வியூவிடம் பக்கத்தை நேரடியாகக் கொடுக்கும் லோட்டேட்டா என்ற கட்டளை. இதில் பக்கம் முழுதும் ஒரு முகவரிக்குள் (டேட்டா முகவரி) அடைத்துப் போவதால் # குறி ஆகாது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையதை இலக்காக வைத்த செயலியில், நிறத்துக்காக எழுதிய ஒரு # போதும், அதற்குப் பின் வருவது எல்லாம் அறுந்துவிடும். பக்கத்தை வெறும் ஆஸ்கி எழுத்துகளாக்கும் பேஸ்64 ஆக மாற்றி, வகையோடு யுடிஎஃப்-8 என்றும் சேர்த்துச் சொன்னால் தப்பிக்கலாம். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். எங்கள் பட்டியலுக்கு அது பொருட்டே இல்லை.

இப்போது ஓடுவது மூன்றாவது: வெப்வியூவின் இன்னொரு கட்டளையான லோட்டேட்டாவித்பேஸ்யூஆர்எல். அடிப்படை முகவரி, பக்கம், வகை, யுடிஎஃப்-8, கடைசியில் ஒரு வெற்று மதிப்பு, ஒரே வரி. # பயமில்லை, அடிப்படை முகவரி கொடுத்தால் மீன் படங்களும் வருகின்றன. எனக்கு முக்கியம், டேட்டாபேஸில் தமிழ் தமிழாகவே கிடப்பது. அத்தை பார்ப்பதும், தேடல் பார்ப்பதும், நான் பார்ப்பதும் ஒன்றே. நாளை வேறொருவர் இந்தச் செயலியை எடுத்தாலும் எண்ணாக மாற்றும் நிரல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டாம்.

ஆனால் வெப்வியூவுக்கு வரும் முன்பே உடைந்த எழுத்தை இது ஒட்டாது. சர்வரிலிருந்து தரவை எடுத்துவர நிரலில் சேர்க்கும் வாலி நூலகத்தின் உரை வாங்கும் கோரிக்கை (ஸ்ட்ரிங்ரிக்வெஸ்ட்), சர்வர் பதிலின் தலைப்பில் (ஹெட்டர்) எழுத்துமுறை குறிப்பிடாவிட்டால், முதலில் சொன்ன மேற்கத்திய முறையான ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். எனவே சர்வர் தலைப்பிலும் யுடிஎஃப்-8 போடுங்கள். ஐபோனில் நான் அதிகம் வேலை பார்த்ததில்லை. எங்கள் கடைக்காரர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான்.

ரசீதுப் பக்கம் மட்டும் இன்னும் பேஸ்64இல் கிடக்கிறது. நிறமும் இல்லை, படமும் இல்லை, ஓடுகிறது, தொடவில்லை.