1,48,000 ரேண்ட் போச்சு: டர்பனில் ஆபீஸுக்கு சர்வர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்து, ஆன்லைன் சந்தை ஒன்றின் வழியாக "ஆபீஸ் சர்வர்" என்று விற்கும் கடை. 1,48,000 ரேண்ட் முழுசாக வாங்கிக்கொண்டு குப்பையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தேவை சாதாரணமானதுதான். கணக்கு, சரக்கு இருப்பு, பில் எல்லாம் ஒரே மென்பொருள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையும் சேர்த்து 24 பேர் ஒரே நேரத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் (அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து) வேலை செய்வார்கள். கொட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: "12 கோர் ஜியான், 128 ஜிபி ராம், எஸ்எஸ்டி ரெய்டு." (ஜியான் என்பது இன்டெலின் சர்வர் பிராசஸர், ரெய்டு என்பது பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை.) மாடல் எண் எதுவும் கிடையாது. கேட்டதற்குக் கடைக்காரர், "அண்ணே, நம்ம ஆளுங்ககிட்ட போய் மறைப்பேனா? கண்ணால பாருங்க" என்று சொல்லி, 20 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து காட்டினார். கோடு சர்ரென்று ஓடி முடிந்தது. பணம் கைமாறியது அந்த நிமிஷம்தான்.

அந்தக் காப்பி எதையும் நிரூபிக்காது. பெரிய ஃபைலை விண்டோஸ் முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். டேட்டாபேஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு பில் சேமிக்கும்போதும் லாக் ஃபைல் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் ஃபைல்) டிஸ்கில் நிஜமாகவே எழுதப்பட்டதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். ஆபீஸுக்கான எஸ்எஸ்டியில் மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கக் கெபாசிட்டர் இருக்கும். அதனால் உடனே பதில் சொல்லும். இங்கே போட்டிருந்தது வீட்டு லேப்டாப்புக்கான மலிவு எஸ்எஸ்டி நான்கு, அதுவும் ரெய்டு 5-ல். ரெய்டு 5-ல் சின்னதாக ஒன்றை எழுதவே இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுத வேண்டும். இரட்டை நகல் வைக்கும் ரெய்டு 10-ல் இரண்டு முறை எழுதினால் முடிந்துவிடும்.

இதையும் தாங்கியிருக்கலாம், டிஸ்குகளை நடத்தும் ரெய்டு கார்டின் பேட்டரி உயிரோடு இருந்திருந்தால். திரையில் கார்டின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் பேட்டரி "ஃபெயில்டு" என்று சிவப்பில் நிற்கிறது. பேட்டரி செத்தால் கார்டு தன் கேஷை (தற்காலிக நினைவகத்தை) நம்பாமல் நேராக டிஸ்கில் எழுதப் போய்விடும். மாதக் கடைசியில் விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பார்த்தால், டிஸ்கில் ஒரு முறை எழுத 90 மில்லிசெகண்ட். லாக் டிஸ்கில் 5-க்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினாலே கோளாறு.

"புதுசு" என்று சொன்ன பிராசஸர் இரண்டுமே ஆறு கோர் இ5-2620 வி2, 2013-ல் வந்தது, 2.1 கிகாஹெர்ட்ஸ். கணக்கு மென்பொருளில் ஒரு போஸ்டிங் (கணக்கில் ஏற்றும் பதிவு) பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். 12 கோர் இருந்து என்ன பயன்?

போன் செய்தால் முதலில் "உங்க கேபிள் சரியில்ல". பிறகு "சாஃப்ட்வேர்காரங்களைக் கேளுங்க". அதற்கப்புறம் "இன்னும் 64 ஜிபி போட்டா சரியாயிடும்ணே, 9,800 ரேண்ட்தான்". இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒரு ஆளுக்கு 2 ஜிபி வீதம் 24 பேருக்கு 48, டேட்டாபேஸுக்கு 32, விண்டோஸுக்கு 8. மொத்தம் 88. 128-ல் தாராளமாக அடங்கும். ஆனால் அவர்கள் போட்டுக் கொடுத்தது எஸ்க்யூஎல் சர்வர் 2019 என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. தரவை வைத்துக்கொள்ள அது 1,410 எம்பிக்கு மேல் ராமைத் தொடாது, நான்கு கோருக்கு மேல் போகாது. ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டவும் விடாது. இதற்கு இன்னும் ராமாம்!

கடைசிப் பதில்: "லோட் ஷெடிங் (மின்வெட்டு) வோல்டேஜில் அடி வாங்கியிருக்கு, வாரண்டி செல்லாது." அதற்குப் பின் வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும். 1,48,000 ரேண்டுக்கு ஒரு நீல டிக்.

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைத் திருப்பலாம் என்று இருக்கிறது. ஆனால் விற்றுமுதலோ சொத்தோ 20 லட்சம் ரேண்டை எட்டிய நிறுவனத்துக்கு அது பொருந்தாது. ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) கம்பெனி வழக்குப் போடவும் முடியாது. வக்கீலுக்குத்தான் அழ வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. பிராசஸர், டிஸ்க், ரெய்டு கார்டு மூன்றின் மாடல் எண்ணும் இன்வாய்ஸில் இல்லாமல் ஒரு சென்ட் கொடுக்காதீர்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். "புது" டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபைல் காப்பியைப் பார்த்து ஏமாறாதீர்கள், உங்கள் மென்பொருளிலேயே மாதக் கணக்கை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையின் வலது கீழ் மூலையில் "இவேலுவேஷன்" என்று இருந்தால் அது 180 நாள் விண்டோஸ், கெடு முடிந்ததும் மணிக்கொரு முறை தானே அணைந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் தனிச் செலவு, வாங்காவிட்டால் 120 நாளில் உள்ளே விடாது. எங்கள் 1,48,000-ல் விண்டோஸ் லைசென்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் இரண்டுமே இல்லை.