வாடகைப் படகில் எந்த எக்கோ சவுண்டர்: சிங்கிள்பீமா, மல்டிபீமா?

மீன்பிடித் துறைமுகம், ஆற்று முகத்துவாரம், அவ்வப்போது ஓர் ஏரி. எங்கள் சர்வே குழுவுக்கு வரும் வேலையெல்லாம் ஏறக்குறைய இந்த மூன்றில் அடங்கிவிடும். ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டரைத் தாண்டாது. சொந்தமாக ஓர் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி நீரின் ஆழத்தை அளக்கும் கருவி) வாங்குவது என்று முடிவானதும், எது என்ற வாக்குவாதம் கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் இரட்டை அலைவரிசை கொண்ட சிங்கிள்பீம் வாங்கினோம். விலையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் மல்டிபீம் பாதி விலைக்குக் கிடைத்திருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

தெரிந்த வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கிள்பீம் நேர் கீழே ஒரே ஒலிக்கற்றையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். படகு போன தடத்துக்குத்தான் அளவு உண்டு, இரண்டு தடங்களுக்கு நடுவே இருப்பது ஊகம். மல்டிபீம் நூற்றுக்கணக்கான கற்றைகளை இரு பக்கமும் அனுப்பி, தரையைப் பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டே போகும். ஓதத் திருத்தம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழிப்பது), சார்ட் டேட்டம் (ஆழத்தை எண்ணத் தொடங்கும் அடிப்படை நீர்மட்டம்), ஆர்டிகே (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும் ஜிபிஎஸ் முறை) எல்லாம் இரண்டுக்கும் பொது.

அந்தப் பாயின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. 120 டிகிரி விரிப்பில் ஆழத்தைப் போல மூன்றரை மடங்கு அகலம் கிடைக்கும். 20 மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் 70 மீட்டர் முடிந்துவிடும். 3 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர்தான். பக்கத்துத் தடத்தின் மேல் கொஞ்சம் ஏறவும் விட வேண்டும் என்றால் ஆறேழு மீட்டருக்கு ஒரு தடம். கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளுக்கும் வலை மிதவைகளுக்கும் நடுவே அப்படி நேராக ஓட்டச் சொன்னால் படகுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது படகு. எங்களிடம் சொந்தப் படகு கிடையாது. போகிற ஊரில் கிடைக்கும் ஃபைபர் படகை வாடகைக்கு எடுத்து, பக்கவாட்டில் கம்பம் கட்டி, வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருவோம். மல்டிபீமுக்கு இந்தப் பிழைப்பு ஒத்துவராது. சோனார் தலை, படகின் ஆட்டத்தை அளக்கும் மோஷன் சென்சர், ஜிபிஎஸ் ஆன்டெனாக்கள் ஆகியவற்றுக்கு இடையிலான தூரங்களைப் படகு மாறும்போதெல்லாம் புதிதாக அளக்க வேண்டும். அப்புறம் பேட்ச் டெஸ்ட்: நேரத் தாமதம், பிட்ச் (முன்பின் சாய்வு), ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), திசை ஆகிய நான்கிலும் எவ்வளவு பிசகு இருக்கிறது என்று தடங்களை முன்னும் பின்னும் ஓட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். ரோலுக்குச் சமதரை போதும். பிட்சுக்கும் திசைக்கும் ஒரு சரிவோ, தரையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பொருளோ தேவை. நாலு மீட்டர் ஆழமுள்ள சேற்றுத் துறைமுகத்தில் அதை எங்கே தேடுவது? வெளியே கப்பல் கால்வாயின் சரிவு வரை போக வேண்டும். அதற்குள் காலை அமைதி போய்க் கடற்காற்று கிளம்பிவிடும்.

தவிர்த்தால் என்ன ஆகும்? ரோல் கோணத்தில் அரை டிகிரி பிசகு இருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டர் ஆழத்தில், 60 டிகிரி சாய்ந்து போகும் ஓரக் கற்றை 17 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். அங்கே பிழை 15 சென்டிமீட்டர். ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் குறைவு என்பதால் தூர்வாரிய மொத்தக் கன அளவில் இது ஓரளவு கழிந்துபோகலாம். ஆனால் இன்னும் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் வரைபடத்தில் கழியாது. இல்லாத மேடு அங்கே உட்கார்ந்திருக்கும், ஒப்பந்தக்காரர் சண்டைக்கு வருவார். அதே அரை டிகிரி சிங்கிள்பீமில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

சிங்கிள்பீமுக்குப் பார் செக் போதும். ஓர் உலோகத் தட்டை அளவு குறித்த சங்கிலியில் டிரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) நேர் கீழே 2, 4, 6 மீட்டர் என்று இறக்கி, திரையில் அதே எண் வரும்வரை ஒலி வேகத்தையும் டிராஃப்டையும் (டிரான்ஸ்டியூசர் நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம்) சரிசெய்ய வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு முகத்துவாரங்களில் உப்பு நீரின் மேல் நன்னீர் மிதக்கும், இரண்டிலும் ஒலியின் வேகம் வேறு. நேர் கீழே போகும் கற்றைக்குச் சராசரி வேகம் சரியாக இருந்தால் போதும், அதைத் தட்டே சொல்லிவிடும். சாய்ந்து போகும் கற்றை அந்த இரண்டு நீரும் சேரும் இடத்தில் வளையும். அதனால் மல்டிபீம் வைத்திருப்பவர் ஒலி வேக அளவியை அடிக்கடி இறக்கி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பார் செக்குக்கும் எல்லை உண்டு. நீரோட்டம் இழுத்தால் தட்டு நேராக நிற்காது.

சேறு இன்னொரு விஷயம். தூர்ந்துபோன துறைமுகத்தில் தரை எங்கே தொடங்குகிறது என்பதே பிரச்சினை. 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலை தளர்ந்த சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், 33ஐ ஒட்டியது உள்ளே இறங்கும். இரண்டு கோடும் ஒரே திரையில் விலகி நின்றால் அங்கே தளர்சேறு இருக்கிறது என்று புரியும். அதன் தடிமன் எவ்வளவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அதற்கு மண் மாதிரி எடுக்க வேண்டும். துறைமுக வேலைக்கு வரும் மல்டிபீம்கள் பெரும்பாலும் உயர் அலைவரிசை, சேற்றின் தலையோடு நின்றுவிடும்.

சரி, மல்டிபீம் வெல்லும் இடம் எது? சர்வதேச நீரியல் அமைப்பின் எஸ்-44 தரநிலையில், 2020இல் வந்த ஆறாம் பதிப்புப்படி, ஸ்பெஷல் ஆர்டர் (கடுமையான தரப்பிரிவுகளில் ஒன்று) என்றால் தரை முழுவதும் அளக்கப்பட வேண்டும், ஒரு மீட்டர் கனசதுரப் பொருளும் தப்பக் கூடாது. கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி குறைவாக உள்ள கால்வாய்களுக்கு இதுதான் வேண்டும். அங்கே தடங்களுக்கு நடுவே ஒரு பாறையை விட்டுவிட்டு வருவது அபாயம். 1பி போன்ற தளர்ந்த ஆர்டருக்குச் சிங்கிள்பீம் தாராளம். இடையில் உள்ள 1ஏக்கு, பக்கத்தில் ஒரு சைட் ஸ்கேன் சோனாரையும் (இரு பக்கத் தரையையும் ஒலியால் படம்பிடிக்கும் கருவி) ஓட்டிப் பொருள்களைத் தேடுவது பழைய வழி. நான் கொஞ்சம்தான் அதைச் செய்திருக்கிறேன், அதனால் அழுத்திப் பேசவில்லை. ஆழ்கடல் வேலை செய்ததே இல்லை. சொந்தப் படகில் நிரந்தரமாகப் பொருத்தி வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே புலம்பியதில் பாதி பொருந்தாது.

எங்களுக்கு அப்படியொரு கால்வாய் வேலை வந்தால் மல்டிபீமை வாடகைக்கு எடுப்போம். இயந்திரத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது பொருத்தி அளவெடுத்த படகோடும், ஓட்டத் தெரிந்த ஆளோடும் எடுங்கள். பேட்ச் டெஸ்ட் அறிக்கையைக் கேளுங்கள். அதன் தேதி, கம்பத்தைக் கடைசியாகக் கழற்றிப் பொருத்திய தேதிக்கு முந்தையது என்றால் அதே படகில் புதிதாக ஒன்று செய்து தரச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் நாளையும் விலைப்புள்ளியில் சேர்த்துவிடுங்கள்.