வரிச் சட்ட ஆய்வு: பனுவல் வழியா, தரவு வழியா?

வரிச் சட்டத்தில் ஆய்வு செய்ய வருகிறவர், தலைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எந்த வழியில் போவது என்பதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டியிருக்கிறது. சட்டத்தின் சொற்களையும் தீர்ப்புகளையும் முன்வைத்துக்கொண்டு, ஒரு விதி எப்படிப் பிறந்தது, எங்கே தன்னோடு தானே முரண்படுகிறது, அதை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்று வாதிடும் பனுவல்வழி ஆய்வு ஒருபுறம்; வரிக் கணக்குகளையும் தணிக்கைப் பதிவுகளையும் ஆயிரக்கணக்கில் திரட்டி, அந்த விதி நடைமுறையில் மக்களை என்ன செய்ய வைத்தது என்று அளக்கும் தரவுவழி ஆய்வு மறுபுறம். ஏறத்தாழ ஓராண்டு இரண்டுக்கும் நடுவே அலைந்துவிட்டு, நான் பனுவல் வழியைத் தேர்ந்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1971இல் பொருளாதார அறிஞர் மிர்லீஸ் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த, எவ்வளவு வரி விதிப்பது சமூகத்துக்கு நல்லது என்பதைக் கணிதத்தால் தேடும் உகந்த வரிக் கோட்பாடு அது. அதற்கு வேண்டிய கணிதம் என்னிடம் இல்லை என்பதால் அது எனக்கு ஒரு தேர்வாகவே இருக்கவில்லை; விட்டுவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நிதியுதவியும் கூட்டாளிகளும் தரவு வழியில்தான் எளிதாகக் கிடைக்கிறார்கள். பனுவல் வழிக்கு ஒரு மேசையும் தீர்ப்புத் தொகுப்புகளும் பொறுமையும் போதும். செலவு குறைவு, தனிமை அதிகம். பக்கத்தின் முக்கால் பங்கை அடிக்குறிப்புகள் விழுங்கும் கட்டுரைகளைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தரவு வழியின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. டென்மார்க்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வரி செலுத்துவோரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2011இல் வெளியான தணிக்கைச் சோதனையைப் படித்தபோது, நான் கற்றவை பாதியும் ஆட்டம் கண்டன. முதலாளியோ வங்கியோ நேரடியாக அரசுக்குத் தெரிவித்துவிடும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறக்குறைய இல்லை. வரி செலுத்துபவர் தாமே தெரிவிக்க வேண்டிய வருமானத்தில் அது கணிசமாக இருந்தது. மக்கள் நேர்மையாக இருப்பதற்குக் காரணம் மனசாட்சியா, தண்டனை குறித்த அச்சமா என்று பல பத்தாண்டுகள் வாதிட்டுக்கொண்டிருந்த இடத்தில், விடை மூன்றாம் தரப்பு தரும் தகவலில் இருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. சிலியில் மதிப்புக்கூட்டு வரி செலுத்தும் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி நடத்தப்பட்ட ஆய்வும் 2015இல் இதே திசையில் போனது: விற்றவரும் வாங்கியவரும் விட்டுச்செல்லும் ரசீதுத் தடம் இருக்கும் இடத்தில் ஏய்ப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தது, தடம் அறுந்துபோகும் கடைசி நுகர்வோரிடத்தில்தான் கடிதம் வேலை செய்தது. தீர்ப்புகளை எத்தனை முறை புரட்டினாலும் இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் மறுபக்கம் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்பு. எழுதி முடித்த ஆய்வை அடுத்த பத்தாண்டுகளுக்கு உயிரோடு வைத்திருப்பது யாரால் முடியும், எவ்வளவு உழைப்பில் முடியும் என்ற கேள்வி அது.

இந்தக் கேள்வியில் பனுவல் வழிதான் தோற்கும் என்பது பொதுக்கருத்து. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 20 அன்று வோடஃபோன் வழக்கில் தீர்ப்பளித்தது. 2007இல் ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு, கேமன் தீவிலிருந்த ஒரு நிறுவனத்தின் பங்கைக் கைமாற்றியதன் வழியாக ஓர் இந்தியக் கைபேசித் தொழில் வோடஃபோன் வசமாகியிருந்தது. அதற்கு இந்தியாவில் வரி இல்லை என்று நீதிமன்றம் கூறியது. அதைப் பாராட்டியும் இகழ்ந்தும் எழுதப்பட்ட கட்டுரைகள் அச்சுக்குப் போகும் முன்பே, அதே ஆண்டின் நிதிச் சட்டம், அத்தகைய கைமாற்றத்துக்கும் வரி உண்டு என்று, 1962 வரை பின்னோக்கிச் செல்லும் முன்தேதியிட்ட திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம் அந்த வரிக் கோரிக்கைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021இல் நாடாளுமன்றமே முன்தேதி விளைவைக் கைவிட்டது. 2025இல் வருமான வரிச் சட்டமே புதிதாக இயற்றப்பட்டு, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஒரே பொருளைப் பற்றி எழுதிய ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐந்து முறை பேனாவை எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஐந்து முறையும் அவர் எதை மாற்றினார் என்று பார்க்க வேண்டும். சொத்து இருக்கும் நாடு, அந்தச் சொத்தை மறைமுகமாக உடைமையாகக் கொண்ட அயல்நாட்டு நிறுவனத்தின் பங்கு கைமாறும்போது வரி கேட்கலாமா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. அது 2007இல் எப்படி நின்றதோ அப்படியே இன்றும் நிற்கிறது. மாறியது விடை சொல்லும் பிரிவு. ஒரு கட்டுரை கேள்வியைச் சரியாகப் பிடித்திருந்தால், திருத்தச் சட்டம் அதன் மேல்பூச்சைத்தான் உரிக்கிறது. பிரிவு எண்ணையே வாதமாக நம்பி எழுதப்பட்ட கட்டுரை திருத்தத்தோடு சேர்ந்து இறந்துபோகிறது. அதற்காக வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

இதை நான் என் மேசையில் கண்டேன். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் காசாக்கல் கோட்பாட்டைப் பற்றியது. அதாவது, சொத்தின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும் அதை விற்றுக் காசாக்கும்வரை வருமானமாகக் கொள்ளக்கூடாது என்னும் கோட்பாடு. அமெரிக்காவில் இதன் வேர் 1920ஆம் ஆண்டின் மக்கோம்பர் வழக்கில் இருக்கிறது. 2,200 பங்குகள் வைத்திருந்தவருக்கு ஈவாக மேலும் 1,100 பங்குகள் தரப்பட்டன; நிறுவனத்தில் அவருடைய பங்குவீதம் மாறவில்லை, கைக்கு எதுவும் வரவில்லை, ஆகவே அது வருமானமல்ல என்று நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்தது. என் அத்தியாயம் முடியும் தறுவாயில் மூர் வழக்கு விசாரணையில் இருந்தது. இந்தியாவில் உழவுக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் 2006இல் 40,000 டாலர் முதலிட்ட அமெரிக்கத் தம்பதி, ஈவாக ஒரு காசும் பெறாத நிலையில், நிறுவனம் பகிர்ந்தளிக்காமல் சேர்த்துவைத்த லாபத்துக்காக 14,729 டாலர் வரி கட்ட நேர்ந்தது. 2017ஆம் ஆண்டின் வரிச் சட்டம் விதித்த ஒருமுறை வரி அது. இந்த வழக்கில் மக்கோம்பர் விழுந்தால் என் அத்தியாயமும் விழும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

2024 ஜூன் 20 அன்று தீர்ப்பு வந்தது. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் வரி செல்லும் என்றார்கள். ஆனால் காரணம் நான் எதிர்பார்த்ததல்ல: லாபம் நிறுவனத்தின் கையில் காசாகிவிட்டது, நிறுவனத்தின் வருமானத்தைப் பங்குதாரர்மேல் ஏற்றிக் கணக்கிட நாடாளுமன்றத்துக்கு நெடுங்காலமாக அதிகாரம் உண்டு, ஆகவே காசாக்கல் அரசமைப்பின் கட்டாயமா என்ற கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு ஒதுங்கிக்கொண்டது. சொத்தின் மேலான வரி, மதிப்புயர்வின் மேலான வரி ஆகியவற்றைப் பற்றித் தாங்கள் எதுவும் சொல்லவில்லை என்றும் எழுதிவைத்தது. அதேநேரம் நான்கு நீதிபதிகள் இரண்டு தனிக் கருத்துரைகளில் காசாக்கல் கட்டாயம் என்ற பக்கமே சாய்ந்தார்கள்.

விதி, தீர்ப்பு, தேதி, என் வாதத்தில் அது தாங்கும் இடம் என்று நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தொடக்கம் முதலே வைத்திருந்தேன். அதில் மக்கோம்பரைத் தாங்கி நின்ற இடங்கள் ஒன்பது. அவற்றில் ஐந்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை; மீதி நான்கு இடங்களை மட்டும் திருத்தினேன். ‘இக்கேள்விக்கு நீதிமன்றம் விரைவில் விடை தரும்’ என்றிருந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘இக்கேள்விக்கு விடை தராமல் நீதிமன்றம் விலகிக்கொண்டது’ என்று எழுதினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தீர்ப்பின் முழு வாசகமும் வெளியான அன்றே எல்லோருக்கும் கிடைத்தது. இரண்டு இரவுகளில் வேலை முடிந்தது.

தரவு வழியில் இதே பழுது வந்திருந்தால்? தனிநபர் வரிக் கணக்குகள் பெரும்பாலான நாடுகளில் இரகசியமானவை. அவற்றை ஆராய விரும்புகிறவர் வரி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பெயர் நீக்கிய கோப்புகளை அவர்கள் காட்டும் அறையிலோ கணினியிலோதான் பார்க்க முடியும். ஒப்பந்தம் முடிந்தபின் கட்டுரை இருக்கும், தரவு இருக்காது. பிழை இருப்பதாக இன்னொருவர் சொன்னால் அதைச் சரிபார்க்க எழுதியவருக்கே வழி அடைபட்டிருக்கலாம். படிப்பவருக்கோ அந்த வழி தொடக்கத்திலிருந்தே இல்லை.

தரவு கையிலிருந்தாலும் தகராறு தீர்வதில்லை. அமெரிக்க மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரின் வருமானப் பங்கைப் பற்றி நடக்கும் சர்ச்சையைப் பாருங்கள். பொருளாதார அறிஞர்கள் பிக்கெட்டியும் சாயஸும் சுக்மனும் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி 1980க்குப் பிறகு அது வெகுவாக உயர்ந்தது. ஆட்டனும் ஸ்ப்ளின்டரும் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, வரி கழித்த பங்கு 1960களிலிருந்து பெரிதாக மாறவேயில்லை. இரு தரப்புக்கும் அடித்தளம் வரிக் கணக்குகள்தான். வேறுபாட்டின் பெரும்பகுதி வரிக் கணக்கில் தென்படாத வருமானத்தை யார் தலையில் ஏற்றுவது என்ற அனுமானத்தில் இருக்கிறது. அதாவது, தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அங்கும் ஒரு பொருள்கோடல்தான் நிற்கிறது. அது வாதமாக முன்பக்கத்தில் இல்லாமல் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கிறது.

நானும் அந்தப் பின்னிணைப்பில் தடுக்கி விழுந்தவன்தான். ஆண்டு விற்றுமுதல் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்கள் நாடுவாரியாகத் தரும் அறிக்கைகளின் தொகுப்பு 2020 ஜூலையில் முதன்முறையாக வெளியானபோது, 2016ஆம் ஆண்டுக்கான எண்களை எடுத்து ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். சில சிறு நாடுகளில் லாபம் மலைபோல் குவிந்திருந்தது. என் வாதத்துக்கு அது தேனாக இனித்தது. வரிக்கு முந்தைய லாபத்தில் குழுமத்துக்குள்ளேயே கைமாறிய ஈவுத்தொகையும் சேர்ந்திருக்கலாம், ஒரே லாபம் இரண்டு இடங்களில் எண்ணப்பட்டிருக்கலாம் என்று தொகுப்பின் குறிப்புகளிலேயே எச்சரித்திருந்தார்கள். அவசரத்தில் நான்தான் அதைப் படிக்கவில்லை. நெறியாளர் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். எவ்வளவு தொகை இரட்டிப்பாகியிருக்கிறது என்பதைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு குழுமத்தின் அறிக்கையும் வேண்டும். அவை வெளியில் கிடைப்பதில்லை. பழுது தெரிந்தது, பழுதுபார்க்கும் கருவி என்னிடம் இல்லை. நாற்பது பக்கங்களைத் தூக்கிப்போட்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிப்படையாகக் கிடைக்கும் திரட்டுத் தரவில் சில மாதங்கள் உழன்றதுதான் என் அனுபவம். வரி நிர்வாகத்தின் உள்ளறைக் கோப்புகளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்கள் நான் சொல்வதை மறுக்கக்கூடும், அவர்கள் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். பெரிய குழுவும் நிலையான ஒப்பந்தமும் உள்ள இடத்தில் பராமரிப்பு இவ்வளவு பெரிய சுமையாக இராது.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டனில் 2020 டிசம்பரில் வெளியான செல்வ வரி ஆணைய அறிக்கையைக் காட்டுவேன். ஒரு பொருளாதார அறிஞர், ஒரு பாரிஸ்டர், ஒரு சட்டப் பேராசிரியர் ஆகிய மூவர் நடத்தியது அது. ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தின்மேல் ஆண்டுக்கு 1 விழுக்காடு வீதம் ஐந்தாண்டுகளில் செலுத்தக்கூடிய ஒருமுறை வரி 26,000 கோடி பவுண்டு ஈட்டும் என்று எண்களால் சொன்னார்கள். சொத்தை மதிப்பிடுவது எப்படி, அறக்கட்டளைகளை என்ன செய்வது, நாட்டைவிட்டுப் போகிறவரை எந்தத் தேதியில் பிடிப்பது என்பதைச் சட்டச் சொற்களால் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்த ஆய்வு. அதற்கு மூவரும், பின்னணிக் கட்டுரைகள் எழுதிய பலரும் தேவைப்பட்டார்கள். தனியாக உட்கார்ந்து ஆய்வேடு எழுதுபவருக்கு அது வழியாகாது.

இப்போது ஐந்தாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். பெருங்குழுமங்களுக்கான 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரியைப் பற்றியது. 2021 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட அந்த ஏற்பாட்டிலிருந்து அமெரிக்கக் குழுமங்களுக்கு விலக்குத் தர 2025 ஜூனில் ஜி7 நாடுகள் இசைந்ததும், என் அட்டவணையில் பதினொரு இடங்களுக்குச் சிவப்புக் குறி விழுந்தது. அவற்றில் ஏழு இடங்களைத் திருத்திவிட்டேன். மீதி நான்கும், அந்த விலக்கால் எந்த நாட்டுக்கு எவ்வளவு வருவாய் குறையும் என்ற எண்ணைக் கேட்கின்றன. அதை அளந்து சொல்லும் ஆய்வு தரவுவழிக்காரர்களிடமிருந்துதான் வர வேண்டும் என்பதால் அந்த நான்கு இடங்களையும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.