சூரிய உதயத்தில் அரை மணி பிழை: திருத்த மூன்று வழிகள்

சாதகக் குறிப்பு எழுதும் பழைய மென்பொருள் ஒன்று, தைப்பொங்கலன்று கிளிநொச்சியில் சூரியன் 5.58க்கு உதிக்கும் என்று காட்டியது. உண்மையில் 6.28 அளவில்தான் உதிக்கும். வானியல் கணக்கில் ஒரு குறையும் இல்லை. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5.5 மணித்தியாலம் (330 நிமிடம்) முன்னே. நேர வலயத்தை முழு எண்ணாக வைத்திருந்ததால் 5.5 என்று கொடுத்தது 5 ஆகிவிட்டது. 5.58 என்பதும் நம்பக்கூடிய நேரம்தானே, அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறவருக்கு அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. (சூரியனின் விளிம்பு தெரிவதா, மையம் தெரிவதா உதயம் என்ற வாதம் மூன்று நான்கு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.)

சரி, எப்படித் திருத்துவது? முழு எண்ணைத் தூக்கிவிட்டு 330 நிமிடம் என்று நிரந்தரமாக எழுதிவிடலாம். மாலையில் வெளிச்சம் தானாகப் பற்ற ஒரு கருவி செய்கிறவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, கணினிகளில் உள்ள நேர வலயத் தரவுத்தளத்தில் 'ஏசியா/கொழும்பு' வலயத்தை எடுப்பது. பாடப்புத்தகம் சொல்லும் வழி இதுதான். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அந்த ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி 5.30க்கு வந்தார்கள். இவ்வளவும் அந்தத் தரவில் இருக்கிறது. 2001இல் கண்டியில் பிறந்த பிள்ளைக்கு 330 பிழையாகும், இது சரியாக வரும்.

வன்னிக்கு வந்தால் கதை தலைகீழ். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்திருந்தது. வன்னிக்குள் நுழையும் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் அன்று மணிக்கூடு அரை மணி மாறும். 2005 தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் காலை 6.40க்கு மல்லாவியில் ஒரு பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வலயம் போட்டால் உதயம் 6.58 என்று வரும். பிள்ளை உதயத்துக்கு முன் பிறந்ததாகிவிடும். நம் கணக்கில் நாள் உதயத்தில்தானே தொடங்குகிறது, ஆகவே கிழமையே முதல் நாளுக்குப் போய்விடும். லக்கினமும் கால் ராசி அளவு பின்னே நகரும். அம்மா சொன்ன நேரம் சரி, நிரலும் சரி, குறிப்பு மட்டும் பிழை.

அதனால் நான் எடுத்தது மூன்றாவது வழி. பதிவு படிவத்தில் ஒரு கேள்வி: சொன்னது கொழும்பு நேரமா, வன்னி நேரமா? வன்னி என்றால் 'ஏசியா/கொல்கத்தா' வலயத்துக்குப் போகும், அதாவது அந்த வருடங்களிலும் 5.30ஆகவே இருந்த இந்திய நேரத்துக்கு. இது என் குறுக்குவழி இல்லை. தமிழர் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அந்த வலயத்தைப் பாவிக்கலாம் என்று தரவுத்தளத்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டு வலயமும் தரவுத்தளத்திலேயே இருப்பதால் பிறகு நான் பராமரிக்க ஒன்றும் இல்லை. நாளைக்கு அரசாங்கம் மறுபடி நேரத்தை மாற்றினாலும் கொழும்பு வலயம் தானாகப் புதுப்படும். 330 என்று எழுதியவர் நிரலைத் தேடி ஓடவேண்டும்.

ஊர்ப் பெயரை வைத்து நிரலே முடிவு செய்யட்டுமே என்று கேட்பீர்கள். கிளிநொச்சி நகரம் 1996 செப்டெம்பரில் இராணுவத்திடம் போய், 1998 செப்டெம்பரில் திரும்பவும் கைமாறியது. பிறந்த இடம் ஒன்றே, ஆனால் வருடத்தைப் பொறுத்து மணிக்கூடு வேறு. கோடு நகர்ந்துகொண்டே இருந்த இடத்தில் வரைபடத்தை நம்பி நிரல் எழுத முடியாது. பெற்றவர்களைத்தான் கேட்கவேண்டும். படிவத்தில் எதையும் முன்கூட்டியே தெரிவு செய்து வைக்கவும் கூடாது. வைத்தால் தட்டச்சு செய்கிறவர் கேட்காமலே அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

குறையும் உண்டு. கேள்வி கேட்டால் சிலர் எரிச்சல்படுவார்கள், சிலருக்கு நினைவில்லை. மன்னார்ப் பக்கத்துக் குறிப்புகள் என் கைக்கு அதிகம் வந்ததில்லை, அதனால் அங்கே இது எவ்வளவு நன்றாக ஓடும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

திருத்திய பிறகு கிளிநொச்சிக்கு மூன்று திகதிகளைப் போட்டுப் பாருங்கள். 1996 ஜூலை 15க்கு வன்னி நேரம் 5.56, கொழும்பு நேரம் 6.56 அளவில் வரவேண்டும். 2005 ஜனவரி 15க்கு 6.28, 6.58. 2007 ஜனவரி 15க்கு இரண்டும் 6.28. ஒரு நிமிடம் முன்பின் என்றால் பரவாயில்லை, அரை மணி என்றால் எங்கோ இன்னும் முழு எண் ஒளிந்திருக்கிறது.